எஃப்-150 பிக்அப்பில் பழுதான பாடி கண்ட்ரோல் மாட்யூலை மாற்றுவது: புதியவர்களுக்கான வழிகாட்டி

2015 முதல் 2020 வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்அப் டிரக்கில், பயணி இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தின் வலப்பக்கச் சுவரில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஃப்யூஸ் பேனலோடு சேர்ந்து இருப்பதுதான் பாடி கண்ட்ரோல் மாட்யூல். வெளி விளக்குகள், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, உள் விளக்கு, சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு ஆகிய எல்லாம் இதன் பொறுப்பில் இருக்கின்றன. பழைய வண்டிகளில் சுவிட்சைப் போட்டால் மின்சாரம் அந்த சுவிட்ச் வழியாகவோ ஒரு ரிலே வழியாகவோ நேராக பல்புக்குப் போகும். இந்த வண்டியில் சுவிட்ச் வெறும் கோரிக்கையை மட்டுமே அனுப்புகிறது. விளக்கை எரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும், தன்னுள் இருக்கும் டிரான்சிஸ்டர் மூலம் மின்சாரத்தைத் திறந்துவிடுவதும் மாட்யூல்தான்.

இதனால் இந்த மாட்யூல் கெடும்போது தெரியும் அறிகுறிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகத் தோன்றும். வைப்பர் தானாக ஓடும், ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேலை செய்யாது, இரவில் நிறுத்திய வண்டியின் பேட்டரி காலையில் இறங்கியிருக்கும், சாவியை வண்டி ஏற்காது. சிக்கல் என்னவென்றால், சோர்ந்த பேட்டரியும், துருப்பிடித்த எர்த்தும், ஈரம் புகுந்த கனெக்டரும் இதே அறிகுறிகளையே தருகின்றன. மாட்யூல் விலை உயர்ந்த பொருள். அதை வண்டிக்கு ஏற்றவாறு புரோகிராம் செய்யும் செலவு தனி. பொருத்திப் பார்த்த மின்னணுப் பாகத்தைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதும் இல்லை. ஆகவே கழற்றி மாட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட, கழற்றலாமா என்று தீர்மானிப்பதற்கு அதிக நேரம் ஒதுக்குவதே முறை.

இங்கே சொல்லப்படும் அளவுகள் எல்லாம் 12 வோல்ட் வண்டிக்கானவை. டிரான்சிட் போன்ற ஃபோர்டு வேன்களுக்கும் இதே வரிசை பொருந்தும், மாட்யூல் இருக்கும் இடம் மட்டும் மாறும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் 24 வோல்ட் கனரக லாரிகளுக்கு இந்த எண்களை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

மாட்யூல்தான் பழுதா என்று உறுதிசெய்தல்

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவுக்கு இருந்தால் அது முழு சார்ஜில் இருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான். ஸ்டார்ட் செய்யும் தருணத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழும் பேட்டரியை வைத்துக்கொண்டு எந்த மாட்யூலையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த நொடியில் பல மாட்யூல்கள் தடுமாறி, இல்லாத பழுதுகளை எல்லாம் நினைவில் பதிந்துவிடும். பேட்டரியைச் சரிசெய்து, பதிந்த பழுதுக் குறியீடுகளை (ஃபால்ட் கோடுகளை) அழித்து, சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்து, மாட்யூலுக்கு வரும் மின்சாரமும் எர்த்தும். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். ஒரு வயருக்குள் இருக்கும் செம்பு இழைகள் அனைத்தும் அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஆனால் அந்த ஒற்றை இழையால் சுமையைத் தாங்க முடியாது. எனவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைச் சாலிடர் செய்து ஒரு டெஸ்ட் லேம்ப் தயாரித்துக்கொண்டு, மாட்யூலுக்கு மின்சாரம் கொண்டுவரும் முக்கிய ஃபீட் வயர்களுக்கும் எர்த்துக்கும் இடையே அதை எரித்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது. மங்கலாக எரிந்தால் பழுது வயரில் இருக்கிறது. மாட்யூலின் திருட்டுத் தடுப்பு, மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நெட்வொர்க் போன்ற மெல்லிய சிக்னல் வயர்களில் மட்டும் இந்த லேம்பை ஒருபோதும் வைக்கக் கூடாது, அவற்றை மீட்டரால்தான் பார்க்க வேண்டும். எர்த்தைச் சோதிக்க, ஹெட்லைட்டையும் பின்கண்ணாடியின் பனியைப் போக்கும் டிஃபாகரையும் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை மாட்யூலின் எர்த் பின்னிலும் வைத்தால் வரும் அளவு 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

மூன்றாவதாக, வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகிப் பழுதுக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரால் எல்லா மாட்யூல்களையும் படித்து, கிடைக்கும் கோடுகள் அனைத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். பாடி மாட்யூல் மட்டும் பதில் தராமல், மற்றவை எல்லாம் யு0140 என்ற கோடைக் காட்டினால், அவை பாடி மாட்யூலோடு தொடர்பு இழந்துவிட்டன என்று பொருள். அது மாட்யூல் செத்துவிட்டது என்பதற்கான தீர்ப்பு அல்ல. மின்சாரம் போகாத மாட்யூலும் பதில் தராது, நெட்வொர்க் வயர் அறுந்த மாட்யூலும் பதில் தராது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாட்யூலுக்கு வரும் முறுக்கிய ஜோடி நெட்வொர்க் வயர்களின் இடையே, கனெக்டரின் பின்பக்கமாக மீட்டரை வைத்து அளந்தால், 60 ஓம் அளவுக்கு வர வேண்டும். இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணையாகச் சேர்வதால் வரும் அளவு அது. 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது; பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் இரு வயர்களும் ஷார்ட் ஆகியிருக்கின்றன. எந்தப் பின்னில் எந்த வயர் என்பதற்கு அந்த ஆண்டு மாடலின் வயரிங் வரைபடம் அவசியம். நிறத்தைப் பார்த்து ஊகிப்பது இந்த வேலைக்கு உதவாது.

பழைய மாட்யூலைக் கொன்றது எது

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடும் கட்டம் இது. என் கருத்தில் இந்த வேலையிலேயே மிக முக்கியமான கட்டமும் இதுதான். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய மாட்யூலைப் பொருத்தினால், அதே காரணம் புதியதையும் கொன்றுவிடும்.

ஃபோர்டின் இந்த மாட்யூல், விளக்குகளுக்குப் போகும் டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்ற ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு விளக்கின் வயர் ஷார்ட் ஆகும்போதெல்லாம் அந்த வெளியீட்டை நிறுத்திவிட்டு, நிகழ்வை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும். எண்ணிக்கை முதல் எல்லையை அடைந்தால், ஷார்ட்டைச் சரிசெய்து கோடுகளை அழித்து, ஸ்கேனரில் மாட்யூலின் சுயசோதனையை ஓட்டிய பிறகே அந்த வெளியீடு மீண்டும் வேலை செய்யும். கடைசி எல்லையை அடைந்துவிட்டாலோ அந்த வெளியீடு நிரந்தரமாக அடைக்கப்படும். அந்த நிலையில் யு1000 கோடும் யு3000:49 கோடும், சம்பந்தப்பட்ட விளக்கின் கோடும் ஒன்றாக நிற்கும். அவை எதைச் செய்தாலும் அழியாது. மாட்யூலை மாற்றியே ஆக வேண்டும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. ஒன்று, எரியாத ஒரு விளக்கைக் காரணம் பார்க்காமல் மீண்டும் மீண்டும் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதும், ஃப்யூஸை மாற்றி மாற்றிப் போடுவதும் மாட்யூலின் ஆயுளைக் குறைக்கும். மற்றொன்று, இந்தக் கோடுகள் நிற்கும் வண்டியில் ஷார்ட் எங்கே என்று கண்டுபிடித்து முடிக்கும் வரை புதிய மாட்யூலை ஆர்டர் செய்யக் கூடாது.

ஷார்ட் தேட வேண்டிய முதல் இடம் டிரெய்லர் வயரிங். பின்பக்க பம்பருக்குக் கீழே சேறும் உப்பும் தெறிக்கும் இடத்தில் இருக்கும் சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். பித்தளை பின்களுக்கிடையே பச்சை நிறத்தில் தூள் படிந்திருந்தால், ஈரமான நாளில் அந்தத் தூளே மின்சாரத்தை ஒரு பின்னிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும். பிறகு பின்விளக்கின் பல்பு ஹோல்டர்கள், டெயில்கேட்டுக்குப் போகும் வயர் மடங்கும் இடம், யாரோ வெளியிலிருந்து வாங்கி ஒட்டவைத்த கூடுதல் விளக்குகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குளிர்ப் பிரதேசங்களில் பலர் ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்துகிறார்கள். மாட்யூலுக்குப் போகும் வயர்களைக் கத்தியால் உரித்து, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகள் கண்ணில் பட்டால் முதலில் அவற்றை ஒழுங்குபடுத்துங்கள். நான் பார்த்தவரை, ‘மாட்யூல் பழுது’ என்று வரும் வண்டிகளில் இத்தகைய இணைப்புகளே அடிக்கடி குற்றவாளிகளாக நிற்கின்றன.

இன்னொரு கொலைகாரன் தண்ணீர். மாட்யூல் இருக்கும் மூலை, கண்ணாடியின் ஓரத் தூணுக்கு நேர் கீழே இருக்கிறது. சன்ரூஃப் உள்ள வண்டிகளில் மழைநீரை வடிக்கும் முன்பக்கக் குழாய்கள் அந்தத் தூண்களின் வழியாகவே இறங்குகின்றன. இலைச் சருகு அடைத்தாலோ குழாய் தன் இடத்திலிருந்து நழுவினாலோ தண்ணீர் உள்ளே வழியும். முன்கண்ணாடியை மாற்றியபோது பசை சரியாகப் பிடிக்காமல் போன வண்டிகளிலும் இதே கதைதான். தரை விரிப்பைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள்; மேலே காய்ந்திருக்கும் விரிப்புக்கு அடியில் பஞ்சு நனைந்திருக்கலாம். ஒருவர் வெளியே முன்கண்ணாடியின் ஓரத்தில் மெல்ல தண்ணீர் விட, மற்றவர் உள்ளே டார்ச்சோடு படுத்துப் பார்ப்பது இன்றும் சிறந்த சோதனை.

சரியான மாட்யூலை வாங்குதல்

ஃபோர்டின் பாக எண் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதியின் முதல் எழுத்து அந்தப் பாகம் எந்த ஆண்டு வடிவமைப்பு என்று காட்டும். நடுப்பகுதி அது என்ன வகைப் பாகம் என்று சொல்லும். கடைசிப் பகுதி எந்த வசதிகளுக்கான ரகம் என்று காட்டும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும், கடைசிப் பகுதி வேறுபட்டால் உள்ளே சில டிரான்சிஸ்டர்கள் பொருத்தப்படாமலேயே இருக்கலாம். எனவே மாட்யூலின் மேல் ஒட்டிய லேபிளில் உள்ள எண், ஸ்கேனர் படித்துத் தரும் எண், வண்டியின் அடையாள எண்ணான 17 எழுத்து வின் எண்ணைக் கொண்டு பாகக் கடையில் கிடைக்கும் எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருந்தால், அது முறையான மாற்று எண்ணா என்று கடையிடமே உறுதிசெய்து கொள்ளுங்கள்.

உடைத்து விற்கும் வண்டியிலிருந்து எடுத்த பழைய மாட்யூல் விலை குறைவு என்பதால் ஆசை வரும். ஆனால் அது வேறொரு வண்டியின் வின் எண்ணையும் சாவிகளையும் நினைவில் வைத்திருக்கும். முன்பு எத்தனை ஷார்ட்டுகளை எண்ணி வைத்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. அந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதாகக்கூட இருக்கலாம். முதன்முறையாக இந்த வேலையைச் செய்பவர் புதியதையே வாங்குவது நல்லது.

கழற்றுவதற்கு முன் தரவைச் சேமித்தல்

இந்த மாட்யூல் கடையிலிருந்து வெறுமையாக வருகிறது. உங்கள் வண்டியில் என்ன விளக்கு இருக்கிறது, டயர் அளவு என்ன, டிரெய்லர் வசதி உண்டா, எந்த நாட்டுக்கான வண்டி என்பது எதுவும் அதற்குத் தெரியாது. இந்த விவரங்கள் அனைத்தும் ஆஸ்-பில்ட் எனப்படும் எண் தொகுதிகளாகப் பழைய மாட்யூலில் இருக்கின்றன. பழையது இன்னும் பேசுகிறது என்றால், கழற்றும் முன்பே அந்தத் தொகுதிகளை ஸ்கேனர் வழியாகப் படித்து, கணினியில் ஒரு பிரதியும் வேறிடத்தில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினியில் ஓடும் ஃபோர்ஸ்கேன் மென்பொருள் இதைச் செய்யும். எழுதும் வேலைகளுக்கு அதன் விரிவான உரிமம் தேவை. ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களோடு 3, 11 பின்களையும் பயன்படுத்தும் அடாப்டராக இருக்க வேண்டும், ஏனெனில் மலிவான பல அடாப்டர்கள் முதல் ஜோடியை மட்டுமே அறியும்.

பழையது பேசாவிட்டால் கவலை வேண்டாம். வின் எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த ஆஸ்-பில்ட் தரவை ஃபோர்டின் சேவைத் தளம் இலவசமாகத் தருகிறது. அதில் ஒரு குறை உண்டு: வண்டி விற்ற பிறகு செய்த மாற்றங்கள், உதாரணமாக டயர் அளவை மாற்றியது, அதில் இருக்காது. அதே ரக வண்டி வைத்திருக்கும் நண்பரின் தரவை எடுத்து எழுதுவது மட்டும் கூடாது. கனடாவில் 1990 முதல் புதிய வண்டிகளுக்குப் பகல்நேர ஓட்ட விளக்கு கட்டாயம். அமெரிக்காவில் அப்படி இல்லை. கனடா வண்டியில் அமெரிக்க வண்டியின் தரவை எழுதினால் அந்த விளக்கே அணைந்துபோகும், சோதனையில் வண்டி நிற்கும்.

சாவிகளையும் இப்போதே கையில் எடுத்து வையுங்கள். புதிய மாட்யூல் சாவிகளை மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டும். ஃபோர்டின் முறைப்படி குறைந்தது இரண்டு சாவிகளைப் பதியாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஒரே சாவி வைத்திருப்பவர் இரண்டாவதை வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பாதி வேலையில் அசையாமல் நிற்கும்.

கழற்றுதலும் பொருத்துதலும்

இது குறுகிய வேலை. இக்னிஷனை அணைத்து, சாவியை வண்டிக்கு வெளியே தள்ளி வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது தானாகத் திரும்பித் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். ஏர்பேக் அமைப்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்குக் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் காத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

கதவுப்படியின் பிளாஸ்டிக் தகட்டை மேல்நோக்கி இழுத்தால் கிளிப்புகள் விடும். பிறகு பக்கவாட்டு மூடியையும் ஃப்யூஸ் பேனல் மூடியையும் எடுங்கள். குளிர்காலத்தில் இந்தப் பிளாஸ்டிக் உடையக்கூடியதாக இருக்கும், ஆகவே பேட்டரியைக் கழற்றும் முன்பே ஹீட்டரைப் போட்டு வண்டியைச் சூடாக்கிக்கொள்வது நல்லது. எதையும் தொடும் முன் கனெக்டர்களை எல்லாக் கோணங்களிலும் புகைப்படம் எடுங்கள். வண்டியின் வெறும் உலோகம் ஒன்றைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகு, ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றுங்கள். பெரிய கனெக்டர்களுக்கு நெம்புகோல் போன்ற பூட்டு உண்டு. அதன் சிறிய தாழ்ப்பாளை அழுத்தி, நெம்புகோலை முழுவதுமாகத் திருப்பினால் கனெக்டர் தானாக மேலே எழும்பி வரும். வரவில்லை என்றால் பூட்டு இன்னும் விடவில்லை என்றே பொருள். வயரைப் பிடித்து இழுத்தால் பின் உள்ளே ஒடிந்துவிடும்.

கழற்றிய ஒவ்வொரு கனெக்டரின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்த பின், பின்னுக்குத் தள்ளப்பட்ட பின், சூட்டில் பழுப்பேறிய பிளாஸ்டிக் ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தப் பின்னை மாற்றாமல் புதிய மாட்யூலை மாட்டக் கூடாது. பழைய மாட்யூலில் இருக்கும் ஃப்யூஸ்களைப் புதியதற்கு மாற்றும்போது, மூடியில் அச்சிட்ட ஆம்பியர் அளவைப் பார்த்து மாற்றுங்கள். முந்தைய ஆள் 15 ஆம்பியர் இடத்தில் 30 போட்டிருக்கக்கூடும். புதியதை அதே திருகுகளால் பொருத்தி, கனெக்டர்களைப் பூட்டும் ஒலி கேட்கும்வரை அழுத்தி, கடைசியாகப் பேட்டரியை இணையுங்கள்.

புரோகிராம் செய்தல்

எழுதும் வேலை நடுவில் நின்றால் புதிய மாட்யூலே பயன்படாமல் போய்விடலாம், ஆகவே மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். நிலையாக 13 வோல்ட்டுக்கு மேல் தரக்கூடிய, சில பத்து ஆம்பியர் வலுவுள்ள சார்ஜரை இணைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்கச் செருகி வைக்கும் சிறிய சார்ஜர் இதற்குப் போதாது. நெகட்டிவ் கேபிளில் பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் இருப்பதால், சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி முனையில் அல்லாமல் பாடியின் எர்த் முனையில் மாட்ட வேண்டும். ஹெட்லைட் சுவிட்சை ஆட்டோவிலிருந்து ஆஃபுக்கு மாற்றி, ஃபேனை அணைத்து, கணினி தூங்கிப்போகாதபடி அமைத்து, அதையும் மின்சாரத்தில் செருகிவிடுங்கள்.

இந்த வேலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபோர்டின் சொந்த மென்பொருளில், பழைய மாடல்களுக்கு ஐடிஎஸ், புதியவற்றுக்கு எஃப்டிஆர்எஸ், மாட்யூல் மாற்றும் செயல்முறை ஒன்று இருக்கிறது. அது பழையதிலிருந்து தரவைப் படித்து, மாற்றச் சொல்லி, புதியதில் எழுதி, சரியான மென்பொருளையும் ஏற்றும். இந்த வழியில் செல்பவர், பழைய மாட்யூல் வண்டியில் இருக்கும்போதே செயல்முறையைத் தொடங்க வேண்டும்; நடுவில் மூடிவிடக் கூடாது. மற்றது, நீங்கள் சேமித்த ஆஸ்-பில்ட் தரவை ஃபோர்ஸ்கேனில் திறந்து, ஒவ்வொரு தொகுதியாக எழுதி, பிறகு மறுபடி படித்து ஒப்பிடுவது. ஒரு தொகுதியை எழுத மறுத்தால் எண்களைக் கையால் திருத்தி முயலாதீர்கள். மாட்யூலின் ரகம் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து சாவி. திருட்டுத் தடுப்புப் பகுதிக்குள் நுழைய மென்பொருள் அனுமதி கேட்கும். சில மாடல்களில் பத்து நிமிடம் காத்திருக்க வைக்கும், சிலவற்றில் குறியீடு கேட்கும். அமெரிக்காவில் இந்தக் குறியீடுகளைப் பெற, வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் என்ஏஎஸ்டிஎஃப் அமைப்பில் வண்டிப் பாதுகாப்பு வல்லுநராகப் பதிவுசெய்த மெக்கானிக்கோ பூட்டுக் கலைஞரோ தேவைப்படலாம். இந்தக் கட்டத்தில் அவர்களை அழைத்துக் கூலி கொடுப்பதில் வெட்கம் வேண்டாம். பழைய சாவிகளை அழித்து, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதியுங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மாட்யூலான ஈசிஎம்மும் பாடி மாட்யூலும் ஒன்றையொன்று அடையாளம் காண, பேராமீட்டர் ரீசெட் என்ற செயலும் சில மாடல்களில் வேண்டும். சாவி பதிந்தும் ஸ்டார்ட் ஆகாமல் டாஷ்போர்டில் திருட்டு விளக்கு வேகமாகச் சிமிட்டினால், விட்டுப்போனது பெரும்பாலும் இந்தச் செயல்தான்.

சரிபார்த்தல்

எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு, டயர் அழுத்த சென்சார்களைக் கற்றுக்கொடுங்கள். வரிசை மாறக் கூடாது: இடது முன், வலது முன், வலது பின், இடது பின், ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டதும் ஹாரன் ஒருமுறை ஒலிக்கும். பிறகு ஒரு தாளில் பட்டியலிட்டு, ஒவ்வொரு விளக்கையும் கண்ணால் பார்த்துக் குறியுங்கள். உரிமத்தகட்டு விளக்கும், ரிவர்ஸ் விளக்கும், டிரெய்லர் சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னும் இதில் அடக்கம். ஜன்னல் தானாக மேலேறும் வசதி மறந்துபோயிருந்தால், மேலே ஏற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்து மீண்டும் கற்பிக்க வேண்டும்.

கடைசிச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். எஞ்சினை அணைத்து, கதவுகளைப் பூட்டி, பானெட்டின் தாழ்ப்பாளை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, நெகட்டிவ் கேபிளில் குறைந்த மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியைத் தொடாமல் விடுங்கள். மாட்யூல்கள் ஒவ்வொன்றாக உறங்கப்போகும்போது மின்னோட்டம் படிப்படியாக இறங்கி 50 மில்லிஆம்பியருக்குக் கீழே நிற்க வேண்டும். நின்றால் வண்டியை உரியவரிடம் கொடுக்கலாம். இறங்காமல் அரை ஆம்பியரிலேயே தங்கினால், ஃப்யூஸ்களைப் பிடுங்கத் தொடங்காதீர்கள். பிடுங்கி மாட்டும்போது உறங்கிய மாட்யூல்கள் விழித்துக்கொள்ளும். மாறாக ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். எந்த ஃப்யூஸில் அளவு பூஜ்ஜியத்தைவிடத் தெளிவாக உயர்ந்து தெரிகிறதோ அந்த வழியில்தான் மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.